சோளத் தோகை ஞாயிறு

மார்ச் 3
பேரப்பிள்ளைகளில் மூத்தவன் யெய்சன் நர்சு படிப்பில் தேறிவிட்டான். நடுவில் உள்ளவள் லுஸ்மேரி மெடயின் நகரத்தில் பேருந்து ஓட்டுகிறாள். அந்தத் தடத்தில் முதல் பெண் என் பேத்திதான். கடைக்குட்டி நெல்சி, பத்தொன்பது வயதில் ஊரில் கிளிகளைக் காக்கும் குழுவுக்குத் தலைவி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். குழு கூடுவது என் சமையலறையில்.

மார்ச் 8
குருத்தோலை ஞாயிற்றுக்கு இந்த வருசம் மலைப்பனைக் குருத்து வேண்டாம் என்றாள் நெல்சி. குருத்தை வெட்டினால் பனை பட்டுப்போகும். மஞ்சள் காதுக் கிளிக்குச் சோறும் வீடும் பனைதான். மேட்டில் காய்க்கிற மரம் பதினொன்றே மிச்சம். சோளத் தோகையில் பின்னிவிடலாம் என்றேன் நான்.

பக்கத்து வீட்டு ஒட்டிலியாவுக்குப் பொறுக்கவில்லை. "இடி இடிக்கிறப்ப வீட்டுல விழாம இருக்க மந்திரிச்ச குருத்த எரிப்போம். நீ சோளத்தையா எரிப்ப? அதுக்கு முன்னாடி பவனிக் கழுதையே தின்னுடும், பாரு."

மார்ச் 15
நாற்பது வீடு ஏறி இறங்கினேன். முப்பத்தொன்று சரி என்றது. முட்டி வலி.

மார்ச் 27
என்ன காரியம் பண்ணிட்டேன். சாமியார் கையில் பிடிக்கும் பெரிய கட்டு முப்பது வருசமாக என் வீட்டுடையது. ஜனவரியிலேயே குருத்து வெட்டும் எவெலியோவிடம் குருத்துக்குச் சொல்லிவிடுவேன். இந்த ஜனவரியிலும் சொன்னேன் — பிறகு வேண்டாம் என்று சொல்ல மறந்தே போனேன். காலையில் அவன் மனைவி, அவர் மேட்டுக்குப் போயாச்சு என்கிறாள். ஊருக்கெல்லாம் சொன்னவள் பேரிலேயே வெட்டு விழுந்தால் நெல்சி எந்த முகத்தோடு நிற்பாள்?

வீட்டுச் செருப்போடு ஏறினேன். அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். பனையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன்.

"வேணும்னு சொன்னது நீங்கதானே, பெரியம்மா?"

"நான்தான். வேணாம்னு சொல்றதும் நான்தான்."

அரிவாளை உறையில் போட்டான். பிறகு என்னைக் கோவேறு கழுதையில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தான். நெல்சியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மறைத்து என்ன ஆக?

மார்ச் 29
சாமியார் தோகைகளை மந்திரித்தார். அவர் கையிலிருந்த தோகைக் கட்டைக் கழுதை பாதி தின்றது. ஒட்டிலியா போன வருசத்துக் காய்ந்த குருத்தோடு வந்து, சத்தமாகச் சிரித்தாள். நானும்தான்.

ஏப்ரல் 19
பிற்பகல் முழுக்க இடி. ஒட்டிலியா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் குருத்து போன மழையிலேயே எரிந்து தீர்ந்ததாம்.

"உன் சோளத்துல ஒரு துண்டு குடு."

கொடுத்தேன். மழை விட்டதும் இருவரும் முற்றத்தில் நின்று எண்ணினோம். பனைக்குத் திரும்பிய கிளி பதினேழு என்றேன். பதினெட்டு என்று சாதித்தாள் அவள்.

நெல்சியிடம் சொல்ல வேண்டும்: குழுவின் இணையப் பக்கத்தில் இருக்கும் எங்கள் படம் பழையது. புதிதாக ஒன்று எடுத்துப் போடு. ஒட்டிலியாவும் அதில் இருக்கட்டும்.