நங்கூரம் இறந்த செய்தி

மார்ச் 4

மதிப்பிற்குரிய மின்மினி அவர்களுக்கு,

நலம்தானே? நான் நங்கூரத்தின் தம்பி. முப்பது வருடங்களுக்கு முன் அண்ணன் போன தகவலை உங்களுக்குத் தெரிவித்தவன். தொலைபேசிக் கம்பியில் கணினியை மாட்டி, கீச்சென்ற சத்தம் அடங்கியதும் புனைபெயர்களில் பச்சை எழுத்தில் பேசிக்கொண்டீர்களே, அந்தச் சேவையின் பழைய உறுப்பினர்கள் நினைவு மலர் கொண்டுவருகிறார்கள். உங்கள் முகவரியை அவர்கள்தான் தந்தார்கள். அண்ணனுக்கு இரண்டு பக்கம். அவர் எழுதியதையெல்லாம் நீங்கள் அச்செடுத்து வைத்தீர்களாமே, அனுப்ப முடியுமா?

அன்புடன்,
தம்பி

மார்ச் 11

தம்பி என்று எழுதியிருப்பவருக்கு,

தாள்கள் பத்திரம். முதலில் ஒரு கேள்வி.

செய்தி வந்த மூன்றாம் நாள் உங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தேன். என் வீட்டில் எனக்குப் பார்த்த வரனை அவருக்காக வேண்டாமென்று சொல்லியிருந்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, "இந்தப் பக்கம் உக்காருங்க, அந்தக் காது கேக்காதே" என்றீர்கள். என் இடது காது விஷயத்தை அவர் ஒருவருக்குத்தான் எழுதினேன். யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருந்தார்.

அவர் சத்தியத்தை மீறினாரா, சாகவே இல்லையா?

மின்மினி

மார்ச் 19

மின்மினி,

சாகவில்லை. எனக்குத் தம்பியும் கிடையாது.

கப்பல் பொறியாளர் என்றேன். உண்மையில் கடை கடையாகப் போய்த் தராசு பழுதுபார்ப்பவன். உங்களிடம் நன்றாக அளந்துவிட்டேன். "டிக்கெட் எடுத்துட்டேன், பாக்க வரேன்" என்று திரையில் வந்ததும் கணினியை அணைத்துவிட்டேன். மறுநாளே என்னை நானே கொன்றேன். அதற்குப் பிறகும் வந்து நிற்பீர்கள் என்று நினைக்கவில்லை.

செத்தவனாகவே இருந்திருக்கலாம். உங்களுக்கு எழுதியதை ஒருமுறை படிக்க ஆசை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க முகமில்லை.

நங்கூரம்

மார்ச் 27

தராசு பழுதுபார்ப்பவருக்கு,

அன்று உங்கள் வாசலைத் தாண்டி வெளியே வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னாலேயே ஓடி வந்து உண்மையைச் சொல்வீர்கள் என்று ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வண்டிகளை விட்டேன். மூன்றாவதில் ஏறினேன்.

தராசுக்காரர் என்று சொல்லியிருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தாள்கள் அனைத்தையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பிரதி எடுத்துக்கொள்ளவில்லை. மலர்க்காரர்களிடம் நான் எதுவும் சொல்லமாட்டேன். அது உங்கள் வேலை.

இந்த முகவரிக்கு இனி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
சொந்தப் பெயரைச் சொல்லும் அளவுக்கு உங்களுக்கு அறிமுகமில்லாதவள்