ஐந்து நிமிடத்துக்குள் வந்த வண்டிகள்

7 ஜூலை 2025, திங்கள்

நான்காம் ஆண்டு இன்று தொடங்கியது. மூன்றாண்டுப் பட்டத்தோடு வகுப்பே கலைந்துவிட்டது. ஆறு செமஸ்டரிலும் சேர்த்து எழுபத்தைந்து சதவீதம் எடுத்தவர்களுக்குத்தான் ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ். கம்ப்யூட்டர் சயின்ஸில் நாலு பேர். நான் எழுபத்தாறு எடுத்திருந்தேன். மற்ற மூவரின் வயதையும் கூட்டினால் அறுபத்து மூன்று வருகிறது. எனக்கு அறுபத்து நான்கு.

வீடு பூட்டியபடியே கிடந்தது. மனைவி பாண்டியம்மாள் போன மாதமே கோயம்புத்தூர் போய்விட்டாள். மகள் அஸ்வினிக்குக் கைக்குழந்தை. "மூணு வருசம் படிச்சது பத்தாதா? வாங்க, வந்து பேரனத் தூக்குங்க" என்றாள் பாண்டியம்மாள். இன்னும் ஒரு வருடம் என்றேன். மிக்சியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

21 ஜூலை, திங்கள்

வழிகாட்டி முனைவர் தமிழ்மாறன். வயது முப்பத்து நான்கு. "ஐயா, எதப் பத்தி ஆய்வு செய்யப் போறீங்க?" என்றார். பை நிறையக் கொண்டுபோன நோட்டுகளை மேசையில் அடுக்கினேன். பரவை மார்க்கெட் நிறுத்தத்தில், தனியார் பஸ் முதலாளிகள் சங்கத்துக்கு முப்பத்தோரு ஆண்டு டைம் கீப்பராக இருந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதியவை. மொத்தம் தொண்ணூற்று நாலு. இரண்டு ஆண்டாக என் கையாலேயே கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறேன். மழை, முகூர்த்த நாள், மார்க்கெட் லோடு இவற்றை வைத்து வண்டி எவ்வளவு தாமதமாகும் என்று முன்கூட்டியே சொல்லும் நிரல் எழுதப்போகிறேன்.

"இந்த மாதிரி டேட்டா யார்கிட்டயும் இருக்காது" என்றார். இருக்காதுதான். 2019இல் வண்டிகளில் ஜிபிஎஸ் மாட்டி, டைம் கீப்பர் இனி வேண்டாம் என்றார்கள். நேர அட்டவணைக்கு நானே ஒரு நிரல் எழுதி எடுத்துப் போனேன். புத்தகம் பார்த்து, யாரிடமும் கேட்காமல் கற்றது. சங்கச் செயலாளர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "நீ என்னய்யா படிச்சிருக்க?" என்றார். அன்றோடு வேலை போயிற்று. ஐம்பத்தெட்டு வயதில் பிளஸ் டூ புத்தகம் வாங்கினேன்.

15 ஆகஸ்ட், வெள்ளி

விடுமுறை. நாள் முழுதும் யாரிடமும் பேசவில்லை என்பது சாயங்காலம் பால்காரர் வந்தபோதுதான் தெரிந்தது. குரல் வரவில்லை.

13 அக்டோபர், திங்கள்

நிரல் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று சரியாகச் சொல்கிறது! கேண்டீனில் டீ குடித்தபடி பாண்டியம்மாளுக்கு போன் செய்தேன்.

"தொண்ணூத்தொண்ணு" என்றேன்.

"என்னது, பிரஷரா?"

விளக்கினேன். "சரி, சாப்டீங்களா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. வரச்சொல்லி அஸ்வினி இரண்டு முறை கூப்பிட்டாள். நிரலில் ஓரிடம் விடாமல் பிழை திருத்த வேண்டியிருந்தது. அப்படித்தான் சொன்னேன். மூன்றாம் முறை கூப்பிடவில்லை.

5 நவம்பர், புதன்

கோபம் இன்னும் இறங்கவில்லை.

கூடப் படிக்கும் பவதாரிணி என் தரவை வரைபடமாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள். யார் கேட்டது? எல்லார் முன்னாலும் திரையில் காட்டினாள். தாமதம் பூஜ்யம் என்கிற இடத்தில் வண்டி எண்ணிக்கையைக் காட்டும் கம்பு ஆகாயத்துக்கு நிற்கிறது. ஒன்று முதல் ஐந்து நிமிடம் வரை அநேகமாகத் தரிசு. ஆறிலிருந்து திரும்பக் கம்புகள்.

"ஐயா, முப்பத்தோரு வருசத்துல ஒரு வண்டி மூணு நிமிசம் லேட்டா வரலயா? ஒண்ணு கரெக்ட் டைம், இல்லாட்டி ஆறு நிமிசமா?"

நான் பொய் எழுதுனேங்கிறியா? வெயில்ல நின்னு எழுதுனது நானா நீயா? கத்திவிட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. தமிழ்மாறன் சார், "ஐயா, அவ கேட்டது சரியான கேள்வி" என்றார். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

6 நவம்பர்

போகவில்லை.

10 நவம்பர்

போகவில்லை. கல்லூரியிலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை.

14 நவம்பர், வெள்ளி

ஒன்பது நாள் ஆயிற்று. எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை.

1988இல் எனக்கு வேலை பழக்கியவர் கருப்பு அண்ணன். முதல் நாளே சொன்னார்: "அஞ்சு நிமிசம் வரைக்கும் நேரத்துக்கு வந்ததா எழுது. அதுக்கு மேல போனாத்தான் லேட்டு." மாதத்தில் ஐந்து தாமதம் விழுந்தால் டிரைவரை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். ஒரு கிழவி கூடையோடு ஏறினாலே மூன்று நிமிடம் போய்விடும். அதனால் எந்த நிறுத்தத்து டைம் கீப்பரும் அப்படித்தான் எழுதுவார். எனக்கு அது பொய்யாகத் தோன்றியதே இல்லை. ஐந்துக்குள் வந்தால் நேரத்துக்கு வந்ததுதான். மனுசங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். கம்ப்யூட்டருக்குச் சொல்லணும்னு தோணலயே.

தொண்ணூற்றொன்று எங்கிருந்து வந்தது என்றும் இப்போது புரிகிறது. எல்லா வண்டியும் சரியான நேரத்துக்கு வரும் என்று சொன்னாலே போதும், பாதிக்கு மேல் சரியாகிவிடும். என் பழக்கத்தைத்தான் அது படித்திருக்கிறது. ரோட்டை அல்ல.

17 நவம்பர், திங்கள்

போனேன். கருப்பு அண்ணன் சொன்னதைத் தமிழ்மாறன் சாரிடம் அப்படியே சொன்னேன். பவதாரிணியிடம் மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளாகவே வந்தாள்.

"ஐயா, ஒரே ஒரு வண்டிக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எல்லாமே இருக்கு. பாண்டிமீனான்னு ஒரு வண்டி. 2006 மார்ச்சுல இருந்து பதினாலு மாசம். அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. ஏன்?"

தெரியாது என்றேன்.

18 நவம்பர்

தெரியும்.

பாண்டிமீனா வண்டி டிரைவர் விருமாண்டி. அந்த மார்ச்சில் சிம்மக்கல்லில் ஒரு பழைய நிரல் எழுதும் புத்தகம் வாங்கி, நிறுத்தத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். விருமாண்டி டீக்கடை முழுதும் கேட்க, "என்னண்ணே, இத்தன வயசுல இம்புட்டுப் பெரிய புஸ்தகம்? கம்ப்யூட்டர் என்ன, பஸ்ஸுக்கு டீசல் போடுமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து அவனுக்கு மட்டும் கடிகாரத்தில் இருந்ததை எழுதினேன். மூன்று என்றால் மூன்று. வேறு டிரைவர் கிடைக்காமல் முதலில் அவனையே ஓட்டவிட்டார்கள். பதினான்காம் மாதம் இறக்கிவிட்டார்கள். நான் எழுதியதில் ஒரு நிமிடம்கூடப் பொய் இல்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன். இந்தப் பதினெட்டு ஆண்டும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2 டிசம்பர், செவ்வாய்

தமிழ்மாறன் சாருக்கு ஒரே உற்சாகம். "ஐயா, உங்ககிட்ட உண்மையா இருக்கிறது அந்தப் பதினாலு மாசந்தான். அத அளவுகோலா வச்சு, மத்த வண்டிகள்ல மறைஞ்ச நிமிசங்கள மதிப்பிடலாம். இதுதான் ஆய்வு. ஆனா அந்த வண்டிய மட்டும் ஏன் வேற மாதிரி எழுதுனீங்கன்னு அறிக்கையில சொல்லியாகணும். காரணம் இல்லாம யாரும் ஏத்துக்க மாட்டாங்க."

சொல்ல முடியாது என்றால்?

"வேற டேட்டாவுக்கு இனி நேரமில்ல. ஹானர்ஸ விட்டுட்டு மூணு வருசப் பட்டத்தோட போகலாம். அதுவும் பட்டந்தான் ஐயா."

முப்பத்தோரு ஆண்டில் நான் உண்மை எழுதியது வன்மத்தில் மட்டும்தானா? இதை எப்படி ஆங்கிலத்தில் எழுதுவது? தமிழிலேயே வரவில்லை.

15 ஜனவரி 2026, வியாழன்

பொங்கல். குக்கரில் வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது. பாண்டியம்மாளிடம் நன்றாக வந்தது என்று சொன்னேன்.

4 பிப்ரவரி, புதன்

விருமாண்டி அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டு, வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போனேன். தெப்பத் திருவிழா முடிந்து கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். விருமாண்டி குளக்கரையில் மகளின் பருத்திப்பால் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். முடி முழுதும் வெள்ளை. என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"வாங்கண்ணே. நேரத்துக்கு வந்துட்டீகளா?"

உட்கார்ந்தேன். ஆய்வைச் சொன்னேன். வரைபடத்தைக் காட்டினேன். அவன் விரலை ஒவ்வொரு கம்பாக வைத்துப் பார்த்தான்.

"இது பூரா நான் ஓட்டுனதா?"

"ஆமா."

"உனக்கு எம் மேல காண்டுன்னு அப்பவே தெரியும்ணே. ஆனா நீ எழுதுனது பூரா நெசம். நெசத்துக்கு எங்க போய் சண்ட போடுறது?"

வரைபடத்தை மடித்து என்னிடம் நீட்டினான்.

"அதுக்கப்புறம் லாரிக்குப் போனேன். பம்பாய், நாக்பூர்னு. மாசத்துல மூணு நா வீட்டுல இருப்பேன். இவ வளந்ததே தெரியாது" என்று மகளைக் காட்டினான். "இதுல எம் பேரு வருமா?"

"பேர் போடக்கூடாதுன்னு சார் சொல்றாரு."

"அப்ப உம் பேரு மட்டும் வரும்." சிரித்தான். "எழுதிக்கண்ணே. என்னத்துக்கு எழுதுனன்னும் எழுது. டீசல் போடுமான்னு கேட்டதயும் போடு. அது நல்லாத்தான இருந்துச்சு?"

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்காமலே எழுந்தேன். அவனும் அதற்குக் காத்திருந்த மாதிரி இல்லை. பருத்திப்பாலுக்கு மகள் காசு வாங்க மாட்டேன் என்றாள். "வாங்கிக்க, அவரு கணக்குச் சுத்தமான ஆளு" என்றான் விருமாண்டி.

பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வந்தேன்.

27 மார்ச், வெள்ளி

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் அத்தியாயம், தரவு சேகரித்த முறை. பவதாரிணி ஆங்கிலத்தைச் சரிபார்த்தாள். ஓரிடத்தில் நிறுத்தி, "ஐயா, தனிப்பட்ட விரோதம்னு போட்டிருக்கீங்க. 'பதிவு செய்தவரின் சார்பு'ன்னு போட்டா நாகரிகமா இருக்கும்" என்றாள்.

"விரோதம்னே இருக்கட்டும்மா" என்றேன்.

கிளம்பும்போது, அன்று கத்தியது தப்பு என்று சொன்னேன். "எப்ப கத்துனீங்க?" என்றாள்.

20 ஏப்ரல், திங்கள்

வாய்மொழித் தேர்வு. மறைந்த நிமிடங்களைச் சேர்த்ததும் நிரலின் துல்லியம் தொண்ணூற்றொன்றிலிருந்து அறுபத்தெட்டுக்கு இறங்கியிருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இந்த விரோதத்த எழுதாமலே விட்டிருக்கலாமே. யாருக்குத் தெரியும்?"

"வரைபடத்துல தெரியுதுங்க" என்றேன்.

தேர்ச்சி. வெளியே வந்து யாருக்குச் சொல்வது என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சங்கச் செயலாளரின் நம்பர் இன்னும் இருக்கிறது. ஏழு ஆண்டாக இந்த நாளுக்காகத்தான் வைத்திருந்தேன். கூப்பிடவில்லை. பாண்டியம்மாளைக் கூப்பிட்டேன்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சது."

"மிக்சி இங்க இருக்கு" என்றாள்.

9 மே, சனி

ஆரப்பாளையம் நிலையம். கோயம்புத்தூர் வண்டி. ஜன்னலோர இருக்கை. டிரைவர் டீயை அவசரமாகக் குடித்துவிட்டு ஓடிவந்து ஏறினார். சின்னப் பையன்தான். நேரம் எழுதுகிறவர் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

புறப்பட வேண்டிய நேரம் 6.10. புறப்பட்ட நேரம் 6.13.

இந்த நோட்டில் மட்டும் எழுதிக்கொள்கிறேன்.