எத்தனை பேருன்னு உங்க அம்மா கேட்டது

மரக்காணம்
14.6.2020

அன்பு மகள் கீதாஞ்சலிக்கு அப்பா எழுதுறது. கர்த்தர் கிருபையால அம்மாவும் நானும் நல்லா இருக்கோம், மஸ்கட்ல நீயும் சுகமா இருக்கணும்னு காலையும் ராத்திரியும் ஜெபம் பண்றோம். ஆஸ்பத்திரி டூட்டியில நீ போன் எடுக்க முடியாததால இதை எழுதி, பக்கத்து வீட்டு வினோதினிகிட்ட குடுத்து போட்டோ பிடிச்சு அனுப்பச் சொல்றேன். முழுசாப் படி, நடுவுல பயப்படாத, முடிவு நல்ல முடிவுதான்.

போன மாசம் நம்ம தெரு லாரி டிரைவர் பச்சமுத்து சென்னை மார்க்கெட்டுக்கு லோடு இறக்கிட்டு வந்து காய்ச்சல்ல படுத்தான். ஆம்புலன்ஸ் வந்து கூட்டிட்டுப் போச்சு. மறுநாள் தெரு ரெண்டு முனையிலயும் தகரம் அடிச்சுட்டு, நாப்பத்தி மூணு பேருக்கு மூக்குல குச்சி விட்டு டெஸ்ட் எடுத்தாங்க. அதோட சரி, ஒம்போது நாள் ஆகியும் ஒரு தகவலும் இல்ல. டெஸ்ட் எடுத்தவங்களைக் கேட்டா மேல லிஸ்ட் போயிருக்குது, நாங்க சொல்லக்கூடாதுன்னாங்க. அதுக்குள்ள ஊர்ல தெருவுக்கே கொரோனான்னு பேச்சு பரவிப் போச்சு. பால்காரன் வர்றதில்ல. உப்பு வாரிக் குவிக்கிற நேரத்துல, உங்க தெரு ஆளுங்க ஒருத்தரும் உப்புப் பாத்திக்கு வரவேணாம்னு முதலாளி தட்சணாமூர்த்தி சொல்லி அனுப்பிட்டாரு.

பத்தாம் நாள் ஒரு பெரிய அதிகாரி அம்மா ஜீப்புல வந்தாங்க. உங்க அம்மா தகரத்துகிட்ட போய் நின்னுட்டா. பேர் ஊர் எதுவும் வேணாங்க, எத்தனை பேருக்கு இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்கன்னு கேட்டா. சொன்னா ஜனங்க பீதியாயிடுவாங்கம்மான்னு அவங்க சொன்னாங்க. இப்ப மட்டும் நிம்மதியாவா இருக்காங்க, தெரியாததாலதானே எங்களை நாய் மாதிரி விரட்டுறாங்க, தெரிஞ்சா இருக்கிறவங்க ஒதுங்கிப்பாங்க, இல்லாதவங்க வேலைக்குப் போவாங்கன்னு உங்க அம்மா விடாம பேசினா. அவ குரல் நடுங்கல. அந்த அதிகாரி அம்மா அங்கியே நின்னு ஆபீசுக்குப் போன் போட்டாங்க. ரிசல்ட் வந்து அஞ்சு நாளாச்சாம், ஒரு ஆபீசு கம்ப்யூட்டர்ல கிடந்திருக்குது. நாப்பத்தி மூணுல ரெண்டு பேருக்குத்தான்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாங்க. அப்புறம் அந்த ரெண்டு பேரை மட்டும் தனியா கூப்பிட்டுச் சொன்னாங்க. அதுல ஒருத்தன் நான், கீதா.

உங்க அம்மா முகம் வெளுத்துப் போச்சு. ஆனா கேட்டது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லல. என்கூட வேலை செஞ்சவங்க ஜாக்கிரதையா இருக்கட்டும்னு, எனக்கு இருக்குதுன்னு நானே வாசல்ல நின்னு சொல்லிட்டேன். இன்னொருத்தர் யாருன்னு எழுத மாட்டேன், அது அவங்க சொல்ல வேண்டியது. என்னை ஒரு காலேஜ் கட்டடத்துல பத்து நாள் வச்சிருந்தாங்க. வாசனை தெரியாம போனதைத் தவிர பெரிய கஷ்டம் இல்ல. அன்னிக்கே தெரு முனையில போர்டு வச்சு, தினம் காலையில டெஸ்ட் எத்தனை, நோய் எத்தனை, குணம் எத்தனைன்னு எழுத ஆரம்பிச்சாங்க. அதைப் பாத்துட்டு தட்சணாமூர்த்தியே தகரத்துகிட்ட வந்து, தடை எடுத்ததும் வேலைக்கு வாங்கன்னு கூப்பிட்டாரு.

நேத்து தகரத்தைப் பிரிச்சுட்டாங்க. போர்டுல நோய் சைபர். பச்சமுத்தும் வீடு வந்துட்டான். இப்ப பக்கத்துத் தெருக்காரங்களும் எங்களுக்கும் போர்டு வையுங்கன்னு ஆபீசுல போய்க் கேக்குறாங்க, மனு எழுதித் தர்றது உங்க அம்மாதான். நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் பாத்திக்குப் போறோம்.

இதையெல்லாம் உன்கிட்ட சொல்லாம மறைச்சேன், நீ தூரத்துல கிடந்து அழுவியேன்னுதான். கவர்மெண்டையே சொல்ல வச்சுட்டேன், நீ பெத்த பொண்ணுகிட்ட மறைக்கிறியான்னு கேட்டுட்டு உங்க அம்மா ரெண்டு நாளா என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. அதான் எழுதிட்டேன். மாஸ்க் கழட்டாம வேலை பாரு, நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாராக. உனக்கு ஒண்ணுன்னா அன்னிக்கே சொல்லிடணும், என்னை மாதிரி பண்ணாத.

உன் நினைப்பாவே இருக்கிற அப்பா,
சாலமன்