வலக்கைக் கயிறு

மார்ச் 7, இரவு.

நாளை மகளிர் தின நாடகம். ஊர்க் கூத்தெல்லாம் பழக்கிய என்னை, நேற்று வந்த நெறியாளன் மேடைக்கு அடியில் இருத்திவிட்டான். இருக்கட்டும். இன்று கடைசி ஒத்திகை.

திரேசாதான் கதாநாயகி. நண்டுத் தொழிற்சாலையில் வேலை. நாடகத்திலும் அதே வேலைதான். இயந்திரம் ஆட்டுகிறபடி ஆடவேண்டும். பெரிய வெள்ளியில் கோயிலில் யேசுவின் மரச்சுரூபத்தைக் கயிற்றால் அசைப்பதுபோல, அவளுடைய கைகளில் கயிறு கட்டி மேடைப் பலகை இடுக்கால் கீழே விட்டிருக்கிறார்கள். வலக்கைக் கயிறு என்னிடம். அவளைக் கட்டித் தரமாட்டேன் என்று அவளுடைய தமையன் என்னிடம் சொன்ன நாளுக்குப் பிறகு, இவ்வளவு கிட்ட நான் இருந்ததில்லை. நான் இழுக்க அவள் கை தாழ்ந்தது.

முடிவில் மத்தளம் முழங்கியதும் கயிறுகளை விடவேண்டும். அவள் இயந்திரத்தை விட்டு நடந்து போவாள். இடக்கைக் கயிறு பிடித்த சூசை விட்டுவிட்டான். நான் விடவில்லை.

"என்ன மாஸ்டர், மீன் பட்டிட்டுதோ?" என்று சூசை சிரித்தான்.

அவள் பலகை இடுக்கில் குனிந்தாள். "கயித்தை விடுங்கோ மாஸ்டர். நான் போகவேணும்."

"ஓம், விடுறன்."

"நாளைக்கும் மறந்துபோகாதேங்கோ."

மறதி என்றே நினைத்திருக்கிறாள். உள்ளங்கை இன்னும் எரிகிறது. நாளை மத்தளம் கேட்டதும் விட்டுவிடுவேன். அவள் நடந்து போகிற சத்தம் என் தலைக்கு மேலேதான் கேட்கும்.