ஒரு மணி நேரம், ஒன்பது ஆண்டு

நாள் 94. காலை 08:10
சந்திரனின் மறுபக்கம், நிலத்தடி ஆய்வகம். பதிவு: செண்பகவல்லி, நரம்பியல் மருத்துவர். காற்றழுத்தம் சரி. குடிநீர் சரி. மூவரும் நலம்.

பூமியே கண்ணில் படாத இடத்தில் ஒருவர் கண்மூடி அமர்ந்தால் காலம் அவருக்குள் எப்படி நகர்கிறது என்பதை அளக்க வந்திருக்கிறோம். அமர்பவர் பரஞ்சோதி. ஐம்பத்தெட்டு வயது, இயற்பியல் பேராசிரியராக இருந்தவர், முப்பது வருடத் தியானப் பழக்கம். தலையில் கட்டிய பட்டை அவருடைய மூளை அலைகளைப் பதிவுசெய்யும். ஒரு மணி நேரம் முடிந்ததும் மணி அடிக்கும். பொறியாளர் சேவியர் பர்னாந்து தோளைத் தொட்டு எழுப்புவார். உள்ளே எவ்வளவு நேரம் போனது என்று பரஞ்சோதி சொல்ல வேண்டும்.

இன்று அவர் சொன்னது: ஒரு வாரம்.

நாள் 97. காலை 09:30
மூன்று மாதம் என்றார். சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது. ஏழு வயதில் காய்ச்சலில் இறந்த மகள் இன்னிலா உள்ளே இருக்கிறாளாம். பல் விழுந்து முளைத்ததைக்கூடப் பார்த்தாராம்.

மாலையில் நானும் அமர்ந்தேன். எனக்கு ஒரு மணி நேரம் இரண்டு நாளாக இருந்தது. மூன்று மீட்டர் அறை. சுவர் விலகிக்கொண்டே போய், கடைசியில் சுவர் என்ற நினைப்பே இல்லை. அங்கே கண்டதை அறிவு என்று சொல்லலாமா? அளந்து சரிபார்க்க முடியாத ஒன்றை, நான் அறிந்தேன் என்று எந்தத் துணிச்சலில் எழுதுவது? ஆனாலும் அறிந்தேன். வெளியே வந்தபோது அழுகை வந்தது. மணியின் மேல் கோபமும் வந்தது. இதைப் பூமிக்கு அனுப்பவில்லை.

நாள் 100. பிற்பகல் 14:00
பரஞ்சோதி சாப்பிடுவதில்லை. மணியை அணைத்துவிடச் சொல்லி சேவியரின் சட்டையைப் பிடித்தார். சேவியர் என்னிடம் வந்தார்.

"டாக்டர், மனுசன் நம்மளப் பாக்குற பார்வையே சரியில்ல. இன்னையோட நிறுத்திருவோம்."

இன்னும் ஒரே ஒரு அமர்வு என்றேன். அலைகள் இதற்குமுன் யாரும் கண்டிராத ஆழத்தைத் தொட்டிருந்தன. என் பெயரில் வெளிவரப்போகும் கட்டுரையை நினைத்துத்தான் சொன்னேன்.

நாள் 101. முற்பகல் 11:20
சேவியர் இறந்துவிட்டார். ஒரு கையால் தட்டச்சு செய்கிறேன்.

09:15க்கு மணி அடித்தது. சேவியர் தோளைத் தொட்டார். பரஞ்சோதி கண் திறந்து, யாரோ அந்நியனைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். ஒன்பது வருடம் என்று நிதானமாகச் சொன்னார்.

"அவளுக்குப் பதினாறு வயசு. எங்கிட்டப் பேசிண்டிருந்தா. பாதிப் பேச்சுல நீ கொன்னுட்டே."

சுவரிலிருந்த தீயணைப்பானைக் கழற்றி சேவியரின் தலையில் அடித்தார். விழுந்தபிறகும் அடித்தார். மொத்தம் நான்கு அடி. இங்கே ரத்தம் மெதுவாகத்தான் விழும். அது தரையைத் தொடும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை.

அடுத்து மணி இருந்த கருவிப் பலகையை நொறுக்கினார். அதோடு காற்று சுத்திகரிப்பானும் போனது. தடுக்கப் போனேன், இடது மணிக்கட்டை முறித்தார். மேசையில் கிடந்த திருப்புளியை அவர் தொடையில் பிடிவரை இறக்கினேன். அவர் தடுமாறியபோது ஏர்லாக்குக்குள், அதாவது வெளியே போகும் இரண்டு கதவுகளுக்கு நடுவிலுள்ள சிற்றறைக்குள், தள்ளி உள்கதவைப் பூட்டினேன்.

நாள் 101. பிற்பகல் 13:05
மீட்புக் கலம் வர நாற்பது மணி நேரமாகும். மிச்சக் காற்று இரண்டு பேருக்கு இருபத்திரண்டு மணி நேரம், ஒருவருக்கு நாற்பத்துநான்கு. மூன்று முறை கணக்குப் போட்டேன்.

பூமி மையத்தின் இயக்குநர் லோகநாயகியைக் கேட்டேன். வந்த பதில்:

"ரெண்டு பேருக்கும் காத்து பத்தாது செண்பகம். இங்கேருந்து நாங்க எதுவும் சொல்ல முடியாது. நீங்களே பாத்துக்கங்க."

நாள் 101. பிற்பகல் 15:40
அவர் கத்தவில்லை, கதவை இடிக்கவும் இல்லை. தொடையில் துணியைச் சுற்றிக்கொண்டு பத்மாசனத்தில் அமர்ந்துவிட்டார். பட்டை இன்னும் தலையில்தான் இருக்கிறது. அமர்வதற்கு முன் ஒலிபெருக்கியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இந்தத் தடவை யாரும் எழுப்பாதீங்கோ."

சரி என்று சொன்னேன்.

நாள் 101. மாலை 16:30
ஏர்லாக்கின் காற்றுக் குழாயை மூடினால் மணிக்கணக்கில் மூச்சு முட்டிச் சாவார். வெளிக்கதவைத் திறந்தால் பதினைந்து விநாடியில் நினைவு போய்விடும். அலைகள் காலையிலிருந்த அதே ஆழத்துக்குப் போகும்வரை காத்திருந்தேன். மகளோடு இருப்பார், எதுவும் தெரியாது என்று நினைத்தேன்.

16:22க்கு வெளிக்கதவைத் திறந்தேன். உள்கதவுக் கண்ணாடி வழியே பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டேன்.

நாள் 102. காலை 10:15
சேவியரைப் போர்வையால் மூடினேன். காற்று போதும். கை வீங்கியிருக்கிறது. தூங்கவில்லை. பதிவை முழுமையாக்க வேண்டுமே என்று ஏர்லாக் காமிராவின் படத்தை ஓட்டிப் பார்த்தேன்.

மூன்றாவது விநாடியில் பரஞ்சோதி கண் திறந்திருக்கிறார்.

எழுந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பட்டையின் பதிவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழவில்லை. அலைகள் கடைசிவரை அதே ஆழத்தில். அவருக்கு ஒரு மணி நேரம் ஒன்பது ஆண்டாக நீண்ட அதே ஆழம்.

கண்ணாடி வழியே என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாய் திறந்து திறந்து மூடுகிறது. நாக்கில் நுரை கொதிக்கிறது. ஒரு கை கதவை நோக்கி எழுகிறது.

மொத்தம் பன்னிரண்டு விநாடி.

அவர் காலத்தில் எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

பதினொரு நாள்.

நாள் 103. அதிகாலை 05:20
மீட்புக் குழு வெளிக்கதவை மூடி, ஏர்லாக்கில் காற்று நிரப்பி நிற்கிறது. பரஞ்சோதியின் உடலை எடுத்துவிட்டார்கள். உள்கதவை நான்தான் திறக்க வேண்டும். "டாக்டர், உயிரோட இருக்கீங்களா? கதவைத் திறங்க" என்று ஒரு பெண் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது.

ஐந்து நிமிடமாகக் கூப்பிடுவதாகச் சொல்கிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நான் கண்ணைக்கூட மூடவில்லை. அவள் கூப்பிடத் தொடங்கியபிறகு என் மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது போலிருக்கிறது, முடி வளர்ந்துவிட்டது போலிருக்கிறது. கதவு நான்கு அடி தூரத்தில். நடக்கிறேன். நடந்துகொண்டே