உன் எரிமலைக் காசு பளபளக்கிறது, மச்சான்

கிள்ளான் பள்ளத்தாக்கின் நாணயச் சக்கரவர்த்தியே, என் அன்பு மச்சானே,

நீ போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் ஒரு மர்மம். உன் வெள்ளி நினைவு நாணயங்கள், அதாவது ஒரு பக்கம் எரிமலை, மறுபக்கம் காண்டாமிருகம், புலி என்று காடே இருக்குமே, அவற்றை மூச்சுகூடப் படாமல் வட்ட டப்பாக்களில் அடைத்து வைத்தாய். உன் மனைவி, அதாவது என் தங்கை பரமு, அலமாரிப் பக்கம் தும்மினாலே ஊரைக் கூட்டுவாய்.

போன வாரம் திறந்து பார்த்தேன். வருடக்கணக்கில் ஏறிய நீலமும் பழுப்பும்தான் அதற்கு மதிப்பு என்று நீ பெருமையடித்த காண்டாமிருகக் காசு இப்போது லோரி முன்விளக்குபோல் கண்ணில் அடிக்கிறது. அந்த வெளிச்சத்தில் போர்ட் கிள்ளானுக்குக் கப்பல் வரலாம்.

யாரோ அசலை எடுத்துப் போலியை வைத்துவிட்டார்கள். வேறு யார்? உன் மகளைக் கட்டிய தினேஷ்தான். நீ போனதும் இங்கே குடிவந்தவன். நான் முறைத்த முறைப்பில் பின்வாசல் வாழை கருகிவிட்டது.

"என்ன மாமா, கண்ணுல தூசியா?" என்றான். குற்றவாளிகள் இப்படித்தான் அக்கறையாகப் பேசுவார்கள்.

காசைச் சட்டைப்பையில் ஒளித்து பிரிக்பீல்ட்ஸ் காசுக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"காசு அசல்தான் அண்ணே. யாரோ நல்லா தேய்ச்சிட்டாங்க லா. பழைய நிறம் போச்சு, கீறலும் விழுந்திருச்சு. சேகரிக்கிறவங்க இனி சீண்ட மாட்டாங்க."

அன்று வெள்ளிக்கிழமை. கொதிப்போடு வீட்டுக்குள் நுழைந்தால், சாமி மேடையில் மற்ற காசுகள் வரிசையாக. எரிமலை வாயில் குங்குமப் பொட்டு. குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் பரமு விபூதி தொட்டுப் புலியைத் தேய்க்கிறாள். டப்பாவைத் திறந்து கொடுப்பவன் தினேஷ்.

"அவர் தொட விட்டாரா? இப்ப வாராவாரம் நான்தான் குளிப்பாட்டுறேன்ணே. பாருங்க, புலிக்கு மீசை இருக்கிறதே இப்பதான் தெரியுது. காண்டாமிருகத்தை மட்டும் காணோம். நீங்க பார்த்தீங்களா?"

தினேஷ் என் சட்டைப்பையையே பார்த்தான்.

அலமாரிக்கடியில் கிடந்ததாக எடுத்துக் கொடுத்தேன். அவள் நம்பினாள். அவன் நம்பவில்லை. அன்றிலிருந்து அவன் முறைக்கிறான். மீதி வாழையும் தேறாது.

ஒரே ஒரு முறையாவது அவளைத் தொட விட்டிருக்கக் கூடாதா, மச்சான்?

காசுக்கடைக்குப் போன கதையைச் சொன்னால் நான் தப்பிக்கலாம். ஆனால் தேய்த்துக் கெடுத்தது தான்தான் என்று தெரிந்தால் அவள் கை நின்றுவிடும். அதனால் தினேஷ் என்னைத் திருடனென்றே நினைக்கட்டும். சத்தியமாக வாய் திறக்க மாட்டேன். நீயும் அவள் கனவில் போய் உளறி வைக்காதே.

இப்படிக்கு,
உன் மகளின் ஒரே தாய்மாமன்,
இந்த வீட்டின் தற்போதைய சந்தேக நபர்