ரயில் போன பிறகு

செப்டெம்பர் 8, திங்கள்

இன்றைக்கும் அதே கதை. வெள்ளவத்தையில் தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருக்கிறவர்கள் எல்லோரும் ரயில் வரும்போது எழும்புவார்கள். என் மனுசன் அபிஷன் ரயில் போன பிறகு எழும்புகிறார். கட்டில் அதிரும்போது அசையாமல் கிடக்கிறார். சத்தம் அடங்கியதும் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, "என்ன நிண்டது?" என்று கேட்கிறார்.

"ஒண்டும் நிக்கேல்லை, படுங்கோ" என்றேன். படுக்கவில்லை. பல்கனியில் போய் நின்றார்.

ஒன்பது மாதம் கப்பலில் இருந்துவிட்டு வந்து மூன்று கிழமை. கப்பலில் தேர்ட் ஒபிசராக இருக்கிற இவர் வீட்டுக்கு வந்ததும் ஆசை தீரத் தூங்குவார் என்று நினைத்திருந்தேன். கதிரையில் கொஞ்சம், கட்டிலில் கொஞ்சம், அவ்வளவுதான். கேட்டால் "பழகிப் போச்சு" என்கிறார். என்னோடு இருக்க எப்போது பழகுவார்?

செப்டெம்பர் 9, செவ்வாய்

சீமெந்து செய்கிற கிளிங்கர் ஏற்றி வந்த கப்பலுக்கு இன்று பரிசோதனை. எங்கள் அலுவலகம்தான் அதன் ஏஜென்ட் என்பதால் நானும் ஏறினேன். பரிசோதகர் இராசரத்தினம் ஐயா முன்பு கப்டனாக இருந்தவர். சத்தம் போடாமல் கேள்வி கேட்பார். அதுதான் எல்லோருக்கும் பயம்.

முதலில் ஆட்களைப் பார்த்தார். கப்டனுக்குக் கீழே மூன்று ஒபிசர்மார் இருக்கவேண்டிய கப்பல். இருந்தது இரண்டு பேர். மூன்றாமவரைக் குடல்வால் நோவென்று முந்தின துறைமுகத்தில் இறக்கிவிட்டு, மாற்று ஆள் இல்லாமலே வந்துவிட்டார்கள். பிறகு ஓய்வு நேரம் பதிந்த தாள்களைக் கேட்டார். எல்லாம் வெகு அழகு. எல்லோரும் நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள்.

செகண்ட் ஒபிசர் சுடலைமுத்து தூத்துக்குடிக்காரர். "நங்கூரம் போட்டபோது எங்க நிண்டனீர்?" என்று ஐயா கேட்க, "பிரிட்ஜ்லதான் சார்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். தாளின்படி அந்நேரம் அவர் நித்திரை. சுடலைமுத்துவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வெட்கமாக இருந்தது. கண்ணெல்லாம் சிவந்துபோய், நின்றபடியே ஆடிக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதடவை மாறி மாறிக் காவல். ஓய்வு என்கிற நேரத்திலும் சரக்கு வேலை. மூன்றாவது ஒபிசர் வரும்வரை கப்பல் அசையக்கூடாது என்று ஐயா உத்தரவு போட்டார்.

இறங்கும்போது சுடலைமுத்துவிடம் எங்கள் வீட்டு ரயில் கதையைச் சொன்னேன். ஏன் சொன்னேனோ. அவர் சிரிக்கவில்லை.

"கடல்ல இன்ஜின் சத்தம் நின்னாத்தான் மேடம் பயம். நின்னுச்சுன்னா எவ்வளவு அசந்து தூங்குறவனும் எந்திரிச்சிருவான்."

கப்பல் ஏஜென்சியில் இத்தனை வருசம் வேலை செய்கிறேன். கப்பல்காரனைக் கட்டியிருக்கிறேன். இது எனக்குத் தெரியாது.

செப்டெம்பர் 10, புதன்

வீட்டில் இவரிடம் கேட்டேன். "நீங்களும் இப்பிடித்தான் தாள் எழுதினனீங்களோ?"

"எல்லாரும் எழுதுறதுதான்."

"உங்கட கப்பல்லையும் ஆள் குறைவோ?"

டிவி சத்தத்தைக் கூட்டினார்.

செப்டெம்பர் 11, வியாழன்

மனேஜர் ரிம்ஸான் என் மேசைக்கே வந்தார். "சுபோதினி, ஒங்கட ஹஸ்பண்ட் ஊட்டுல தானே ஈக்கிறாரு? அவர்ட சேர்ட்டிபிகேட் இந்தக் கப்பலுக்கு அப்படியே சரி. கம்பனியும் ஓகே."

அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கொட்டாஞ்சேனையில் பஸ் பிடித்து நான் வீடு வந்து சேர முன்னமே ரிம்ஸான் அவருக்குப் போன் எடுத்துவிட்டார். அவரும் ஓம் என்றுவிட்டார்.

ஓம் எண்டிட்டார்! என்னட்ட ஒரு வார்த்தை கேக்கேல்லை.

"ரெண்டு பேர் நித்திரையில்லாமச் சாகினம் எண்டு நீர்தானே வந்து சொன்னனீர்" என்றார். அது உண்மை. ஆனால் சாப்பிட்டுக் கை கழுவும்போது மெல்லமாகச் சொன்னார்: "அங்க எண்டா என்ன செய்யிறது எண்டு தெரியும், சுபோ. இஞ்ச தெரியேல்லை."

இதை நான் எப்படி எடுப்பது? இஞ்ச என்றால் வீடா, நானா? போகவேண்டாம் என்று மறிக்கிறதா? மறித்தால் சுடலைமுத்துவின் கதி? போகவிட்டால் இவரின் கதி? ஒன்றும் விளங்கவில்லை.

செப்டெம்பர் 12, வெள்ளி

மெடிக்கல் எடுத்தார். கண், காது, இரத்தம் எல்லாம் பார்த்தார்களாம். நித்திரை பற்றிக் கேட்டார்களா என்றேன்.

"கேட்டவை. நல்லா வருது எண்டன்."

பாஸ்.

செப்டெம்பர் 13, சனி

ஆள் கிடைத்துவிட்டது என்று இராசரத்தினம் ஐயாவுக்கு அறிவிப்பது என் வேலை. அறிவித்தேன்.

"உங்கட அவரோ? எப்ப இறங்கினவர்?"

சொன்னேன். திகதியைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "சட்டத்தில தடையில்லை, பிள்ளை. நான் சேர்ட்டிபிகேட்டைப் பாப்பன், ஆளைப் பாப்பன். ஆளின்ர வீட்டுக்குள்ள வந்து பாக்கேலாது."

இதற்கு என்ன அர்த்தம்? திருப்பிக் கேட்டிருக்கலாம். போனை வைத்துவிட்டேன்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

பெட்டியை நான்தான் அடுக்கினேன். சேர்ட்டுகளுக்கு இடையில் பருத்தித்துறை வடைப் பை. விடிய வான் வரும். அலாரம் வைக்கட்டோ என்று கேட்டேன்.

"கப்பல்காரனுக்கு அலாரமோ? நானே எழும்புவன்."

செப்டெம்பர் 15, திங்கள்

எழும்பவில்லை.

வான் கீழே வந்து ஹோர்ன் அடித்தது. அவர் வாயைத் திறந்தபடி, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, அப்படியே கிடந்தார். தோளைத் தட்டப் போன கையை எடுத்துவிட்டேன். டிரைவர் "மிஸ், பரக்கு வெனவா" என்று, நேரம் போகிறதென்று சிங்களத்தில் அவசரப்படுத்தினார். அடுத்து ரிம்ஸானின் போன்.

"எங்க ஆள்?"

"நித்திரை சேர்."

"எழுப்புங்க!"

"ஏலாது."

"ஏன், சொகமில்லையா?"

"இல்லை சேர். நித்திரை."

என் போனையும் இவரின் போனையும் நிறுத்தினேன். வானைத் திருப்பி அனுப்பினேன். ஐயோ, என்ன செய்துபோட்டன்? அவர் ஓம் எண்ட வேலை. அங்க ரெண்டு பேர் பாத்துக்கொண்டிருப்பினம். எனக்கு ஆர் இந்த உரிமை தந்தது? குசினிக்குள் நின்று அழுதேன், சத்தம் வராமல். அழும்போதும் அவர் எழும்பிவிடக்கூடாது என்ற பயம்.

மத்தியானம் கடந்துதான் எழும்பினார்.

"ஏன் எழுப்பேல்லை?"

"மனம் வரேல்லை."

"உம்மட்ட ஆர் கேட்டது?" என்று கத்தினார். வந்த நாளிலிருந்து அவர் என்னோடு சத்தம் போட்டது இதுதான் முதல்தடவை.

செப்டெம்பர் 17, புதன்

வீட்டில் கதைபேச்சில்லை. அலுவலகத்தில் ரிம்ஸான் முகம் கொடுப்பதில்லை. சென்னையிலிருந்து ஒரு தேர்ட் ஒபிசர் வருகிறாராம். சுடலைமுத்துவிடம் மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். பதில் வந்தது: "அட விடுங்க மேடம். கப்பல் நிக்கிறதாலதான் நாங்க தூங்குறோம். அந்த ஆள மெதுவா வரச் சொல்லுங்க."

அபிஷனிடம் காட்டினேன். வாசித்தார். திரும்பவும் வாசித்தார். போனைத் தந்துவிட்டு, "எங்கட கப்பல்லையும் ரெண்டு பேர்தான்" என்றார்.

செப்டெம்பர் 19, வெள்ளி

கப்பல் போய்விட்டது. அவர் கடற்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கோபம் போனதா, தெரியாது. கேட்கப் பயம்.

செப்டெம்பர் 23, செவ்வாய்

பெட்டி இன்னும் கட்டினபடியே மூலையில் இருக்கிறது. வடைப் பையை மட்டும் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார்.

காலையில் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிற்கும்போது மருதானைப் பக்கம் போகிற ரயில் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் சீப்பும் கையுமாக அறை வாசலில் நின்றேன். ரயில் போனது. "ஒண்டும் நிக்கேல்லை, படுங்கோ" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவர் புரண்டு மற்றப் பக்கம் படுத்தார். தேத்தண்ணியை மூடி வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.